குளியலறைக்கும் விதிமுறை வேண்டும்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு தனி வகை நோயாளிகள் வரத் தொடங்குகிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில், ஈரத் தலையோடும் அவசரமாகச் சுற்றிய போர்வையோடும் அவர்கள் தூக்கி வரப்படுகிறார்கள். "குளிக்கப் போனார்; வெகுநேரமாக வெளியே வரவில்லை; கதவை உடைத்துப் பார்த்தோம்" என்று உடன் வந்தவர்கள் சொல்லுவார்கள். சிலர் அன்று மாலையே நடந்து வீடு திரும்புகிறார்கள். சிலர் திரும்புவதில்லை.

நோயின் பெயரால் பிரித்தால் இவர்கள் ஒரே வகையினர் அல்லர். ஒருவருக்கு மின் அதிர்ச்சி. மற்றொருவருக்கு நச்சு வாயு. ஒரு குழந்தைக்கு வெந்நீர்ப் புண். ஒரு மாணவிக்கு வலிப்பு. ஒரு முதியவருக்கு இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம். ஆயினும் இவர்கள் அனைவரும் வருவது ஒரே அறையிலிருந்து. காரணமும் ஒன்றே: வெந்நீர்.

அண்மையில், புது வீடு கட்டிவரும் ஒருவர் தம் தாயாரின் முழங்கால் வலிக்காக எங்களிடம் வந்தார். மாடியில் சுடுநீர்த் தொட்டி ஒன்று அமைக்கப்போவதாகவும், மலைவாசத்தலத்து விடுதி ஒன்றில் தாம் பார்த்ததாகவும், அது மூட்டுக்கு நல்லதா என்றும் கேட்டார். மூட்டுக்கு இதமாக இருக்கும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மறுகேள்வி கேட்டோம்: "அதன் மின் இணைப்பைச் சரிபார்த்துச் சான்று தரப்போவது யார்?" அவர் வியப்புடன் சொன்னார்: "சொந்த வீட்டில் குளிப்பதற்கு யாரிடம் அனுமதி கேட்பது, டாக்டர்?"

நியாயமான கேள்விதான். அதற்கு அன்று நாங்கள் சொல்ல நேரமில்லாத பதிலே இக்கட்டுரை.

அடுப்பு வீட்டுக்குள் வந்தது

நம் முன்னோர்களும் வெந்நீரில்தான் குளித்தார்கள். அப்போதெல்லாம் எந்த விதிமுறை இருந்தது என்று கேட்கலாம். விதிமுறை இருந்தது, அது தாளில் எழுதப்படவில்லை, வீட்டின் அமைப்பிலேயே இருந்தது. கொங்கு நாட்டு வீடுகளில் வெந்நீர் அடுப்பு புழக்கடையில், திறந்த வெளியில் இருந்தது. புகையும் வாயுவும் வானத்துக்குப் போயின. கொப்பரையில் கொதித்த நீரைச் சொம்பால் மொண்டு வேறொரு பாத்திரத்தில் தண்ணீரோடு விளாவி, கைவிட்டுப் பதம் பார்த்த பிறகே மேலே ஊற்றிக்கொண்டார்கள். குழந்தைக்கு ஊற்றும்போது பாட்டி தன் புறங்கையில் முதலில் ஊற்றிப் பார்ப்பாள். நெருப்பு ஓரிடம், நீர் ஓரிடம், உடல் ஓரிடம் என்று மூன்றும் விலகி இருந்தன.

இன்று இந்த மூன்றையும் ஆறடிக்கு நான்கடி அறைக்குள் அடைத்துத் தாழிட்டுக்கொள்கிறோம். விசைத்தறிக் கூடங்களை ஒட்டிய லைன் வீடுகளில் பிளாஸ்டிக் வாளிக்குள் ஹீட்டர் கம்பி தொங்குகிறது. நடுத்தர வீடுகளில் கேஸ் கீசர் சுவரில் எரிகிறது. வசதியான வீடுகளில் மாடிக்குச் சுடுநீர்த் தொட்டி வரத் தொடங்கியிருக்கிறது. சாதனங்கள் மாறின, விளாவிப் பதம் பார்க்கும் கையும் திறந்த புழக்கடையும் போய்விட்டன. அவற்றின் இடத்தில் வேறெதையும் நாம் வைக்கவில்லை.

மணமில்லாத எதிரி

இவற்றுள் நாங்கள் மிகவும் அஞ்சுவது கேஸ் கீசரை. சமையல் எரிவாயு நன்றாக எரிய நிறையக் காற்று வேண்டும். சன்னல் மூடிய சிறு குளியலறையில் சுடர் எரிய எரிய உயிர்வளி குறைகிறது; எரிதல் அரைகுறையாகிறது; அப்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் அது ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு கால்கள் துவளுதல். கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றும்போது திறக்கும் வலு உடலில் இருப்பதில்லை.

இதில் மருத்துவர்களும் ஏமாறக்கூடிய இடம் ஒன்றுண்டு. விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர், உயிர்வளி ஏறிய ஹீமோகுளோபினையும் இந்த நஞ்சு ஏறிய ஹீமோகுளோபினையும் பிரித்தறியாது. ஆகவே நோயாளி நினைவிழந்து கிடக்கும்போதும் திரையில் 98 என்று காட்டலாம். "மாரடைப்பாக இருக்கும்", "வலிப்பாக இருக்கும்" என்று எண்ணி நேரம் வீணாகும். எனவே குடும்பத்தாரிடம் எங்கள் வேண்டுகோள்: குளியலறையில் விழுந்தவரைக் கொண்டுவந்தால், அங்கே கேஸ் கீசர் இருக்கிறது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தகுந்த இரத்தப் பரிசோதனையைச் செய்யவும் உடனே முழு உயிர்வளி கொடுக்கவும் அந்த ஒரு சொல் உதவும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்தில் இந்த நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக முழு உயிர்வளி கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் குறையும். மூளை பிழைப்பதும் பிழைக்காததும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

வாளிக்குள் மின்சாரம்

ஹீட்டர் கம்பியின் கதை வேறு. நம் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பு நீர். கொதிக்கக் கொதிக்க அந்த உப்பு கம்பியின் மேல் வெண்படலமாகப் படிகிறது. படலம் தடித்தால் உள்ளே வெப்பம் தேங்கி மேலுறை வெடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல் வழியாக மின்சாரம் நீருக்குள் இறங்குகிறது. ஈரத் தோல் மின்சாரத்தைத் தடுக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. சூடு ஏறிவிட்டதா என்று சுவிட்சை நிறுத்தாமல் விரலை விட்டுப் பார்ப்பவருக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைப்பதில்லை.

"எங்கள் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறதே" என்று பலர் சொல்வதுண்டு. எம்.சி.பி. காப்பது கம்பிகளை, மனிதரை அன்று. மனிதரைக் காப்பது கசிவு மின்னோட்டத்தை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிவு ஏற்பட்டதுமே, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் அது இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. அதனினும் மிகுதியான மின்னோட்டம் நெஞ்சின் வழியே சில விநாடிகள் பாய்ந்தாலே இதயத்துடிப்பு தாறுமாறாகிவிடும். ஒரு முழு வீட்டுக்கும் இக்கருவியைப் பொருத்தும் செலவு, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாள் தங்கும் செலவைவிடக் குறைவு என்பதை எங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுகிறோம்.

தலைக்கு ஊற்றினால் வரும் வலிப்பு

நம் மண்ணுக்கே உரிய ஒரு நோயையும் இங்கே குறிப்பிட வேண்டும். வெந்நீர் வலிப்பு என்று அதற்குப் பெயர். சூடான நீரைத் தலையில் மளமளவென்று ஊற்றும்போது, அந்த வெப்பமே மூளையில் வலிப்பைத் தூண்டுகிறது. உலகின் பிற பகுதிகளில் அரிதாகக் காணப்படும் இந்நோய் தென்னிந்தியாவில்தான் மிகுதி. பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் 1960களின் இறுதியிலிருந்தே இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகும் நாளில் பிள்ளை கண்களை ஒரு பக்கமாகச் செருகி, பேச்சற்று, சிலவேளை இன்னும் வேகமாகத் தலையில் நீர் ஊற்றிக்கொண்டே விழும். "காற்றுச் சேட்டை" என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிச் செல்லும் வீடுகள் இன்றும் உண்டு. அதற்குத் தேவையில்லை. மிதமான சூட்டில், தலைக்குக் கடைசியாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாலே பலருக்கு வலிப்பு வராது. தேவைப்பட்டோர்க்குத் தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும் முன்கூட்டி உட்கொள்ளும் மாத்திரையும் உண்டு. அதை மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் இப்படிப்பட்டவர் ஆழமான தொட்டியில் தனியே அமரவே கூடாது.

தொட்டி வரும்போது

இனி, மாடித் தொட்டிக்கு வருவோம். கழுத்தளவு சுடுநீரில் அமரும்போது வியர்வை ஆற வழியில்லை. உடலின் உள்வெப்பம் ஏறுகிறது. இரத்தக் குழாய்கள் விரிகின்றன, அழுத்தம் இறங்குகிறது. நீரின் எடை உடலைச் சுற்றி அழுத்திக்கொண்டிருக்கும்வரை இது தெரிவதில்லை. சட்டென்று எழும்போது அந்த அழுத்தம் நீங்கி இரத்தம் கால்களுக்கு இறங்குகிறது, தலை சுற்றுகிறது. இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உட்கொள்பவருக்கும் மது அருந்தியவருக்கும் இது பன்மடங்கு. தரையில் மயங்கினால் அடிபடுவோம். நீரில் மயங்கினால் மூழ்குவோம். நீரிழிவால் பாதத்தில் உணர்வு மங்கியவர் தோல் வெந்த பிறகே அதை அறிவார். கருவுற்ற தொடக்க மாதங்களில் தாயின் உடல்வெப்பம் அளவு மீறினால் சிசுவின் தண்டுவட வளர்ச்சி பாதிக்கப்படக் கூடும்.

நீர் எவ்வளவு சூடு என்பதில் உயிர் தங்கியிருக்கிறது. 60 பாகை செல்சியஸ் நீர் ஏறத்தாழ ஐந்து விநாடிகளில் தோலை ஆழமாக வேகவைத்துவிடும். 50 பாகைக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். குழந்தையின் மெல்லிய தோலுக்கு இன்னும் குறைந்த நேரம் போதும். எனவேதான் அமெரிக்காவில் தொட்டி நீருக்கு 40 பாகை என்னும் உச்சவரம்பை நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வகுத்தது.

அங்கும் விதிகள் தாமாக வரவில்லை. உயிர்களைக் கொடுத்தே வந்தன. 2002இல் விர்ஜீனியா கிரீம் பேக்கர் என்னும் ஏழு வயதுச் சிறுமியைச் சுடுநீர்த் தொட்டியின் வடிகால் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. அவளை மீட்க முடியவில்லை. அவளுடைய பெயரிலேயே 2007இல் அந்நாட்டில் ஒரு சட்டம் நிறைவேறியது: வடிகாலுக்கு உடல் ஒட்டிக்கொள்ளாத மூடி கட்டாயம். 1999இல் நெதர்லாந்தில் ஒரு மலர்க் கண்காட்சியில், விற்பனைக்காக வைத்திருந்த குமிழ்நீர்த் தொட்டியிலிருந்து எழுந்த நீர்த்திவலைகளில் லெஜியோனெல்லா என்னும் கிருமி பரவியது. அத்தொட்டியில் யாரும் குளிக்கவில்லை. அருகில் நடந்துபோனவர்களே நோயுற்றார்கள். ஏறத்தாழ 30 பேர் நுரையீரல் அழற்சியால் மாண்டார்கள். வெதுவெதுப்பான தேங்கிய நீர் கிருமிக்குத் தொட்டில் என்பதை உலகம் அப்போது கற்றது. அந்தப் பாடத்தை நாமும் உயிர் கொடுத்துத்தான் கற்க வேண்டும் என்பதில்லை.

விதி இருக்கிறது, குளியலறைக் கதவோடு நின்றுவிடுகிறது

நம் நாட்டில் விதியே இல்லை என்று சொல்லுவது பிழை. ஹீட்டர் கம்பியும் மின்சாரக் கீசரும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இன்றி விற்கப்படக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணை. கேஸ் கீசருக்கும் இந்தியத் தர நிர்ணயம் உண்டு. மின்கசிவுத் தடுப்புக் கருவி குறித்து மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் பேசுகின்றன. தேசியக் கட்டட விதித்தொகுப்பு குளியலறைக்கு வெளிக்காற்று வரும் திறப்பு வேண்டும் என்கிறது. வீடு கட்ட 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இருக்கின்றன.

குறை எங்கே என்றால், இவை ஒன்றையொன்று சந்திப்பதில்லை. வரைபடத்தில் குளியலறை என்பது நீளமும் அகலமும் எழுதிய ஒரு கட்டம். அதற்குள் எரியப்போவது எரிவாயுவா, கொதிக்கப்போவது மின்சாரமா என்று கேட்பவர் இல்லை. மின் இணைப்பு தருபவர் மீட்டர் பெட்டியோடு திரும்புகிறார். கீசர் விற்பவர் சுவரில் மாட்டுவதோடு திரும்புகிறார். 2024 சூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்றின் அடிப்படையில் இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சலைக் குறைத்த நல்ல திட்டம் அது. அதை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் பள்ளிபாளையத்தில் எழும் பெரும்பாலான வீடுகள் இந்த அளவுக்குள் அடங்கிவிடும். சுயசான்று என்றால் பொறுப்பு உரிமையாளரின் தோளுக்கு வருகிறது என்று பொருள். எதற்கெல்லாம் பொறுப்பு என்பதை அவருக்குச் சொல்ல வேண்டாமா?

நாங்கள் கேட்பது

புதிய அலுவலகமோ புதிய கட்டணமோ நாங்கள் கேட்கவில்லை. "இன்னொரு அனுமதி என்றால் இன்னொரு இடத்தில் நிற்க வேண்டும்" என்னும் மக்களின் அச்சம் எங்களுக்குத் தெரியும். அது வீண் அச்சமும் அன்று. இருக்கும் சுயசான்றிலேயே சில வரிகள் சேர்த்தால் போதும். குளியலறைக்கு மூட முடியாத காற்றுத் துளை உண்டா? வீட்டுக்கு ஆர்.சி.சி.பி.யும் முறையான எர்த்தும் உண்டா? உரிமம் பெற்ற மின்பணியாளர் அவற்றைச் சோதித்துக் கையொப்பமிட்டாரா? கேஸ் கீசர் என்றால் அது குளியலறைக்கு வெளியே உள்ளதா? சுடுநீர்த் தொட்டி என்றால் 40 பாகையில் நிற்கும் கட்டுப்பாடும், பூட்டக்கூடிய மூடியும், பாதுகாப்பான வடிகால் மூடியும், கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்து விசையும், முழுத் தொட்டியின் எடையைத் தளம் தாங்கும் என்ற பொறியாளரின் சான்றும் உண்டா? ஒரு கன மீட்டர் நீர் ஒரு டன் எடை என்பதை மாடியில் தொட்டி வைப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

வாடகைக்கு விடும் லைன் வீடுகளுக்கு இதைவிடக் கண்டிப்பு வேண்டும் என்பது எங்கள் கருத்து. அங்கே ஆர்.சி.சி.பி. பொருத்துவது யார் என்று கேட்டால் உரிமையாளர் குடியிருப்பவரைக் காட்டுகிறார். குடியிருப்பவர் உரிமையாளரைக் காட்டுகிறார். இரவுப்பணி முடித்து வந்து விடியலில் வெந்நீர் வைக்கும் தறித் தொழிலாளிக்கு அந்த வழக்குத் தீரும்வரை காத்திருக்க நேரமில்லை. சுவருக்குள் ஓடும் கம்பிகள் உரிமையாளருடையவை; அவற்றின் காவலும் அவருடையதாகவே இருக்க வேண்டும்.

இது நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோர்க்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று முணுமுணுத்தவர்கள் பலர். ஆயினும் விதியும் விடாத பிரசாரமும் ஒன்றுசேர்ந்ததால், கூரையிலிருந்து குழாய் இறக்குவது வீடு கட்டும் வழக்கத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. நீரைக் காக்க அன்று செய்ததை, நீரிலிருந்து உயிரைக் காக்க இன்று செய்யலாம்.

விதி வரும்வரை

விதி வரும்; ஆனால் மார்கழி அதற்காகக் காத்திராது. ஆகவே இன்றே செய்யக்கூடியவை:

1. கேஸ் கீசர் குளியலறைக்குள் இருந்தால் வெளியே மாற்றுங்கள். மாற்றும்வரை, வாளியை நிரப்பி, கீசரை நிறுத்தி, அறையைக் காற்றாட விட்ட பிறகே குளிக்கச் செல்லுங்கள்.

2. ஹீட்டர் கம்பியை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிய பிறகே நீரைத் தொடுங்கள். உப்புப் படிந்த பழைய கம்பியைத் தயங்காமல் எறியுங்கள்.

3. ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் மின்சாரம் நிற்காவிட்டால் கருவி பழுது என்று பொருள்.

4. முதலில் தண்ணீர், பிறகு வெந்நீர் என்ற வரிசையில் விளாவுங்கள். குழந்தையை வெந்நீர் வாளியோடு தனியே விடாதீர்கள்.

5. முதியவரும் வலிப்பு நோயுள்ளவரும் குளிக்கையில் உள்தாழ் இட வேண்டாம். வெளியிலிருந்து அவ்வப்போது குரல் கொடுங்கள்.

6. விபத்து நேர்ந்தால்: மின்சாரம் என்றால் மெயினை நிறுத்தும்வரை விழுந்தவரைத் தொடாதீர்கள். வாயு என்றால் மூச்சை அடக்கிக் கதவைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்கு இழுத்துவாருங்கள். வெந்நீர்ப் புண் என்றால் 20 நிமிடங்கள் குழாய் நீரில் காட்டுங்கள். மாவு, பற்பசை, மை எதுவும் வேண்டாம். பிறகு 108.

புது வீட்டுக்காரருக்கு நாங்கள் சொல்ல விரும்பிய பதில் இதுதான்: சொந்த வீட்டில் குளிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் அந்த அறையைக் கட்டுபவரும் அதற்கு மின்சாரம் இழுப்பவரும் கீசரை மாட்டுபவரும் யாருக்கேனும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும். குளிப்பவர் ஆடை களைந்து, தாழிட்டு, கண்மூடித் தலைக்கு நீர் ஊற்றிக்கொள்கிறார். வீட்டில் அதைவிட நம்பிக்கையோடு அவர் செய்யும் செயல் வேறில்லை. அந்த நம்பிக்கைக்கு நான்கு வரிகளில் ஒரு விதி எழுதுவது பெரிய சுமையன்று.

அவருடைய தாயாரின் முழங்காலைப் பொறுத்தவரை, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பதினைந்து நிமிடம் ஒத்தடமும், நாங்கள் சொல்லிக்கொடுத்த பயிற்சியும் இப்போதைக்குப் போதும்.